ரொக்கம் அரிதாகிவிட்ட சீனாவில் வெளிநாட்டுப் பயணி எப்படிப் பணம் செலுத்துவது?

பெற்றோருடன் முதன்முறையாகச் சீனாவுக்குச் செல்லவிருக்கும் நீங்கள், அங்கே கடைகளில் ரொக்கமே வாங்குவதில்லை என்பது உண்மையா, நம் யுபிஐ உதவுமா, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விகளைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். தென்சீன நகரமான குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்காகச் சில முறையும், அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருமுறையும் அங்கே சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் முதலில் சொல்ல விரும்புவது, பணம் செலுத்துவதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதியை விமானம் ஏறுவதற்கு முன்பே, உங்கள் வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும் என்பதுதான்.

யுபிஐயை நம்பிச் செல்லாதீர்கள். சீனாவில் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் அலிபே, வீசாட் பே என்ற இரண்டு செயலிகளின் வழியாகவே நடக்கிறது. அங்கே கடன் அட்டை மக்களிடையே பெரிதாகப் பரவுவதற்கு முன்பே கைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே பெரிய ஓட்டல்களிலும் சில பேரங்காடிகளிலும் தவிர, விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றைத் தேய்க்கும் இயந்திரத்தை எதிர்பார்க்க முடியாது. முன்பெல்லாம் சீன வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு இச்செயலிகள் ஏறக்குறைய மூடிய கதவாகவே இருந்தன. 2023 ஜூலை முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இரண்டு செயலிகளிலும் பரவலாக இணைக்க முடிகிறது. 2024இல் வெளிநாட்டவருக்கான ஒருமுறைச் செலவின் வரம்பு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், ஆண்டு வரம்பு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன. சுற்றுலாப் பயணிக்கு இது தாராளமாகப் போதும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவற்றில் முதலாவது, உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையவழிப் பயன்பாட்டையும் நாமே வங்கிச் செயலியில் இயக்க வேண்டும். அடுத்து, இரண்டு செயலிகளையும் தரவிறக்கி, கடவுச்சீட்டைக் கொண்டு அடையாளத்தை உறுதிசெய்து, அட்டையை இணைத்து, அப்போது வரும் ஓடிபியை இங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். அலிபேயில் இது எளிதாக முடியும். வீசாட்டில் புதிய கணக்கு தொடங்கும்போது சில நேரங்களில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்திய எண்ணில் ரோமிங் வசதியையும் இயக்கிக்கொள்ளுங்கள். ஓடிபி வருவதற்கு மட்டுமல்லாமல், உள்ளூர் வலையமைப்பில் திறக்காத கூகுளும் வாட்ஸ்அப்பும் ரோமிங்கில் வேலை செய்வதற்கும் அது உதவும்.

ஒரே ஓர் அட்டையோடு செல்ல வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். என் இரண்டாவது பயணத்தில், காலையில் இரண்டு சிறு தொகைகள் செலுத்தியதைச் சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொண்ட என் வங்கி, எந்த முன்னறிவிப்பும் இன்றி அட்டையை முடக்கிவிட்டது. அது எனக்குத் தெரியவந்தது, இரவு உணவு முடித்துக் கல்லாவின் முன் நின்றபோதுதான். வேறொரு வங்கியின் அட்டை இரண்டாவது செயலியில் இணைக்கப்பட்டிருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து அலிபேயில் ஒரு வங்கி, வீசாட்டில் இன்னொரு வங்கி என்று பிரித்தே வைக்கிறேன்.

கடையில் பணம் செலுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. பெரிய கடைகளில் உங்கள் செயலி காட்டும் குறியீட்டைக் காசாளர் ஸ்கேன் செய்வார். சிறு கடைகளில் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை நீங்கள் ஸ்கேன் செய்து தொகையை உள்ளிட வேண்டும். காசாளர் உங்களைப் பார்த்து "வோ ஸாவ் நி" என்றால், "நான் உங்களுடையதை ஸ்கேன் செய்கிறேன்" என்று பொருள். உடனே கைபேசியைத் திருப்பிக் காட்டினால் போதும். வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தும்போது 200 யுவான் வரையிலான தொகைக்குச் செயலி கட்டணம் ஏதும் வசூலிப்பதில்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம் சேரும். ஒரு யுவான் 12 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 2,500 ரூபாய் வரை கட்டணமில்லை. ஆனால் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக்காகப் பிடிக்கும் தொகை தனி. பல கடன் அட்டைகளில் அது 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ஆகும். ஆகவே இரண்டு கட்டணங்களும் சேராமல் இருக்க, ஓட்டல் வாடகை போன்ற பெருந்தொகைகளை அட்டை இயந்திரத்திலேயே செலுத்திவிடுவது நல்லது.

இனி ரொக்கத்துக்கு வருகிறேன். குவாங்சோவில் ஒரு மெட்ரோ நிலைய வாசலில், தள்ளுவண்டியில் சோளக்கதிர் அவித்து விற்கும் ஓர் அம்மையாரிடம் அம்மாவுக்காக ஒரு கதிர் வாங்கினேன். வண்டியின் கைப்பிடியில் கயிற்றில் தொங்கிய கியூஆர் அட்டையை மூன்று முறை ஸ்கேன் செய்தும் பணம் போகவில்லை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நம் ஊர் டீக்கடைகளில் இருப்பதைப் போன்ற ஒலிப்பெட்டி ஒன்று, வந்த தொகையைச் சொல்லும் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார். பெட்டி பேசவே இல்லை. அது வணிகருக்கான குறியீடு அன்று, தனிநபர் கணக்கின் குறியீடு என்று பின்னர் புரிந்துகொண்டேன். வெளிநாட்டு அட்டையை இணைத்த கணக்கிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்பப் பொதுவாக இயலாது. நான் 20 யுவான் நோட்டை நீட்டியதும், கதிரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு ஓடிச் சில்லறை மாற்றி வந்து, மீதியை எண்ணிக் கொடுத்தார். பத்து யுவானாகவே கொண்டுபோயிருந்தால் அவரை ஓட வைத்திருக்க வேண்டியதில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

எனவே ரொக்கம் வேண்டும், அதுவும் சிறு நோட்டுகளாக வேண்டும். சீனாவில் மிகப் பெரிய நோட்டே 100 யுவான்தான். ஆனாலும் அதற்குச் சில்லறை கொடுக்கப் பல கடைகளில் பணமே இருக்காது. ஒரு வாரப் பயணத்துக்கு நான் 1,000 யுவான் வைத்துக்கொள்கிறேன். அதில் பெரும்பகுதியை 10, 20 யுவான் நோட்டுகளாக வங்கிக் கிளையிலேயே கேட்டு மாற்றிவிடுவேன். 2024 மார்ச்சில் சீன அரசு முதியோருக்கும் வெளிநாட்டவருக்கும் பணம் செலுத்துவதை எளிதாக்க வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு, வங்கிகள் சில்லறை நோட்டுகளை உறையிலிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பேருந்தில் உண்டியலில் போடும் பணத்துக்கு மீதி தரமாட்டார்கள் என்பதால் 1 யுவான் நாணயங்கள் சில இருக்கட்டும். மெட்ரோவுக்கு அலிபேயிலேயே அந்தந்த நகருக்கான பயணக் குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். பெய்ஜிங் மெட்ரோவில் 2024 செப்டம்பர் முதல் வெளிநாட்டு வங்கி அட்டையை வாயிலில் நேரடியாகத் தொட்டும் உள்ளே செல்லலாம்.

கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்தால் பணப்பை தொலைந்ததற்குச் சமம். பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. நகரம் விட்டு நகரம் பறப்பதாக இருந்தால், அம்முத்திரை உள்ளதையே வாங்குங்கள்.

பெற்றோரைப் பற்றி ஒரு சொல். அவர்களின் கைபேசியில் செயலி இல்லையென்றால், நீங்கள் அருகில் இல்லாத வேளையில் அவர்களால் ஒரு தண்ணீர்ப் புட்டிகூட வாங்க முடியாமல் போகக் கூடாது. நான் அம்மாவின் கைப்பையில் 10 யுவான் நோட்டுகள் பத்தும், ஓட்டலின் பெயரும் முகவரியும் சீன மொழியில் அச்சிட்ட அட்டையும் வைத்திருந்தேன். ரொக்கத்தை மறுப்பது அந்நாட்டு விதிகளுக்கு எதிரானது. இதை அந்நாட்டு மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி 2018இலேயே அறிவித்திருக்கிறது. யாராவது தலையசைத்து மறுத்தால், நோட்டைக் காட்டி "ஷியான் ஜின்" என்று, அதாவது ரொக்கம் என்று, பொறுமையாக ஒருமுறை சொல்லச் சொல்லிக்கொடுங்கள். அம்மா அந்த ஒரே சீனச் சொல்லை வைத்துக்கொண்டு, நான் கண்காட்சியில் இருந்த இரண்டு பகல்களிலும் தனக்கு வேண்டிய பழங்களைத் தானே வாங்கிக்கொண்டார்.