அசல் பத்திரம் எங்கே சார்?
(வீடு, மனை: கேள்வி-பதில்)

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகரில் மூன்று மாதம் முன்பு வீடு வாங்கினோம். குளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறிய நாளில், கை வலிக்கக் கையெழுத்துப் போட்டோம், ஆனால் அசல் பத்திரம் இன்னும் வரவில்லை. "பேங்க்ல இருக்கும், கடன் தீர்ந்தாத்தான் குடுப்பான்" என்கிறார் திருநெல்வேலியில் இருக்கும் அப்பா. இதற்கிடையில், டீடின் (இங்கே கிரயப் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) சான்றளித்த நகலுக்கு 95 டாலர் கட்டச் சொல்லி அரசாங்க முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்த கடிதம் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா சார்?

பதில்: கட்டாதீர்கள். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தைத் தேடிப் பாருங்கள், 'இது அரசு அலுவலகம் அல்ல' என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். வீடு வாங்கியவர் பெயரும் முகவரியும் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆவணங்களில் எவரும் பார்க்கும்படி இருப்பதால், புதிதாக வாங்கிய எல்லோருக்கும் இப்படிக் கடிதம் போடுவதையே ஒரு தொழிலாக வைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் கவுன்ட்டி கிளார்க் ஆபீஸ் சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர் வாங்கும். சான்றளித்த நகல் என்றால் அதோடு இன்னொரு 5 டாலர். டீட் பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் வரிச்சலுகைக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான சொத்துவரிச் சலுகை) விண்ணப்பித்துத் தருகிறோம் என்றும் பணம் கேட்டுக் கடிதம் வரும். அந்த விண்ணப்பம் இலவசம், சொத்துவரிக்காக வீட்டுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்டில் நீங்களே கொடுக்கலாம்.

அப்பா சொல்வது நம்ம ஊருக்குச் சரி. அங்கே அசல் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் பேங்க் கடன் கொடுக்கிறது. இங்கே பேங்க்குக்கு உங்கள் டீட் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட்ட 'டீட் ஆஃப் டிரஸ்ட்' என்ற தனி அடமான ஆவணம் கவுன்ட்டியில் பதிவாகிவிட்டால் அதுவே அவர்களுக்குப் பிடி. உங்கள் டீடில் விற்றவர் மட்டும்தான் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருப்பார். சார்பதிவாளர் முன்னால் இரு தரப்பும் நின்று கைரேகை வைக்கிற காட்சியே இங்கே கிடையாது. வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் கைமாற்றிக் கொடுக்கும் டைட்டில் கம்பெனி அதைக் கவுன்ட்டிக்கு அனுப்பும், அவர்கள் நகலெடுத்து, எண் போட்டு, அட்டவணையில் ஏற்றுவார்கள். அசல் தாளாகப் போயிருந்தால் டீடில் குறித்த முகவரிக்குத் தபாலில் திரும்பும். மின்வழியில் பதிந்திருந்தால் தாள் டைட்டில் கம்பெனியிலேயே தங்கியிருக்கலாம், கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. பதிவான நகல் போதும், தொலைந்த பத்திரத்துக்குப் போலீஸில் புகார் கொடுக்கிற அலைச்சல் எல்லாம் இல்லை.

பதிவாகிவிட்டதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஃபிரிஸ்கோ ஊர் கோலின், டென்டன் என்று இரண்டு கவுன்ட்டிகளில் விரிந்து கிடக்கிறது. உங்கள் வரிச்சீட்டில் எந்தக் கவுன்ட்டி என்று முதலில் பாருங்கள். அப்புறம் நேரே கிளார்க் ஆபீஸ் தளத்துக்குப் போய் வீட்டு முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் அந்த அட்டவணை ஆள் பெயரை வைத்துக் கட்டியது. கொடுத்தவர் பெயருக்கு 'கிராண்டர்', வாங்கியவர் பெயருக்கு 'கிராண்டீ'. ஆகவே முதலில் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் முகவரியைப் போடுங்கள். உரிமையாளர் பெயரோடு டீட் எண்ணும் அங்கே கிடைக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கிளார்க் தளத்துக்குப் போனால் ஒரே நிமிட வேலை.

வேறு மாநில வாசகர்களுக்கு: இதே அலுவலகம் பென்சில்வேனியாவில் 'ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ்', வட கரோலினாவில் 'ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்'. ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம் போகவேண்டும். கனெக்டிகட்டில் கவுன்ட்டி நிர்வாகமே கிடையாது, டவுன் கிளார்க்தான். நியூயார்க் நகரத்தில் ஸ்டேட்டன் ஐலண்ட் தவிர மற்ற நான்கு பரோக்களுக்கும் (நகரத்தின் பெரும்பிரிவுகள்) நகரத்தின் 'அக்ரிஸ்' தளத்தில் 1966 முதலான ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: பிளேனோவில் வீடு. பாஸ்போர்ட்டில் எனக்குச் சர்நேம் கிடையாது, அதனால் வாங்கும்போது டீடில் 'எஃப்.என்.யு. செந்தில்குமார்' என்றே ஏறிவிட்டது. பிறகு சிட்டிசன் ஆனபோது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டேன். மனைவி பெயரில் வேறு ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. வீடு எங்களுடையது இல்லை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். வீடு ஆளுக்குச் சொந்தம், எழுத்துக்கு இல்லை. ஆனால் நம் பெயர்கள் கவுன்ட்டி அட்டவணையில் படும் பாட்டைப் பற்றி ஒரு தனிப் பத்தியே எழுதலாம்.

கிளார்க் ஆபீஸ் எதையும் சரிபார்ப்பதில்லை என்பதை முதலில் மனசில் வையுங்கள். நோட்டரி முத்திரை இருக்கிறதா, கட்டணம் சரியா, முகவரி இருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். உள்ளே பெயர் தப்பா, மனை எண் தப்பா, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதெல்லாம் அவர்கள் கவலை இல்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி ஏற்றுவார்கள். 'கவுன்ட்டியில் பதிந்தாச்சு, எல்லாம் சரி' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் எஃப்.என்.யு. என்பது 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அதை முதற்பெயராகவே எடுத்து, 'செந்தில்குமார்' என்பதைக் கடைசிப் பெயராக அட்டவணையில் போட்டிருப்பார்கள். சில சமயம் தலைகீழாகவும் போடுவார்கள். இனிஷியல்காரர்கள் கதையும் இதுதான். என் டீடையே நான் மூன்று விதமாகத் தேடித்தான் பிடித்தேன், அப்பாவின் இனிஷியல் ஒற்றை எழுத்துக் கடைசிப் பெயராக உட்கார்ந்திருந்தது.

பெயர் மாறியதற்காக இப்போது புது டீட் எழுதவேண்டியதில்லை. விற்கும் நாளில் 'செந்தில்குமார் இன்னார், முன்பு எஃப்.என்.யு. செந்தில்குமார்' என்று சேர்த்து எழுதிக் கையெழுத்திடுவீர்கள். பெயர் மாறிய கோர்ட் உத்தரவையும் பழைய பாஸ்போர்ட்டையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். டைட்டில் கம்பெனி கேட்கும்.

மனைவி பெயரில் விட்டுப்போன எழுத்தை இப்போதே சரிசெய்துவிடலாம். டெக்சாஸில் 2011-இல் வந்த திருத்த ஆவணச் சட்டப்படி, பெயர் எழுத்துப்பிழை, மனை எண் பிழை போன்ற சின்னத் தவறுகளை, விவரம் நேரில் அறிந்த ஒருவர், வழக்கமாக டைட்டில் கம்பெனி ஆளோ வக்கீலோ, உறுதிமொழிப் பத்திரம் எழுதி அதே கவுன்ட்டியில் பதியலாம். விற்றவரைத் தேடிப் போகவேண்டாம், அவருக்கு நகல் ஒன்று அனுப்பினால் போதும். மனையே விட்டுப்போயிருந்தால் அல்லது ஆளே மாறியிருந்தால் கதை வேறு: டீடில் இருந்த எல்லாரும், இல்லாவிட்டால் அவர்கள் வாரிசுகளோ அடுத்து வாங்கியவர்களோ, கையெழுத்திட வேண்டும். டைட்டில் கம்பெனிக்கு முதலில் போன் போடுங்கள். தப்பு அவர்களுடையது என்றால் பெரும்பாலும் இலவசமாகவே செய்துகொடுப்பார்கள்.

இன்னொன்று. கோர்ட் தீர்ப்புக் கடன்களும் வரிப் பாக்கிகளும் இதே பெயர் அட்டவணையில்தான் ஏறுகின்றன. 'எஸ். குமார்' என்று யாரோ ஒருவர் கிரெடிட் கார்டு கட்டாமல் விட்டால், விற்கும் நேரத்தில் எல்லா எஸ். குமார்களும் 'அது நான் இல்லை' என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். பதறாமல் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் என் பெயரில் மட்டும் வீடு இருக்கிறது. கல்யாணமாகிவிட்டது, மனைவி பெயரைச் சேர்க்கவேண்டும். இணையத்தில் குயிட்கிளெய்ம் படிவம் 30 டாலருக்குக் கிடைக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்தால் போதுமா? கடன் பாக்கி இருக்கிறது.

பதில்: படிவம் இறக்குவது சுலபம்தான். நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிற மிடில்செக்ஸ் கவுன்ட்டி கிளார்க் ஆபீஸ் அதைத் திருப்பி அனுப்பாமல் இருக்கவேண்டுமே. நியூஜெர்சியில் டீடோடு விற்பவரின் வருமானவரி சம்பந்தமான ஜி.ஐ.டி./ரெப் படிவம் ஒன்று இணைக்கவேண்டும். டீடில் காட்டும் விலை 100 டாலருக்குக் கீழே என்றால் சொத்து கைமாறுவதற்கான கட்டணம் கிடையாது, ஆனால் அந்த விலக்கைக் கேட்டு இன்னொரு உறுதிமொழியும் வைக்கவேண்டும். பொதுப் படிவத்தில் இவை இருக்காது.

குயிட்கிளெய்ம் என்பது 'எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதைத் தருகிறேன்' என்பது மட்டுமே. உரிமை உண்டு என்ற உத்தரவாதம் அதில் இல்லை. நீங்கள் வாங்கியபோது எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமையில் வில்லங்கம் வந்தால் காக்கும் காப்பீடு) மனைவிக்கும் தொடருமா என்பது டீடின் வகையைப் பொறுத்தது, அந்தக் கம்பெனியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். உள்ளூர் வக்கீல் ஒருவருக்குச் சில நூறு டாலர் கொடுப்பதில் நான் கஞ்சத்தனம் பார்க்கமாட்டேன்.

கடனுக்காகப் பயப்படவேண்டாம். குடும்ப வீட்டில் மனைவியைச் சேர்த்தால் 'முழுக் கடனையும் உடனே கட்டு' என்று பேங்க் கேட்க முடியாதபடி 1982-இன் மத்திய சட்டம் தடுக்கிறது. கடன் மட்டும் உங்கள் தலையிலேயே இருக்கும். சேர்த்த பெயரை எடுக்கவேண்டுமென்றால் மனைவி கையெழுத்து வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் வீட்டுக் கடனைப் போன வருடமே முடித்துவிட்டோம். கவுன்ட்டி அட்டவணையில் பார்த்தால் 'மெர்ஸ்' என்ற, எங்களுக்குத் தெரியாத கம்பெனி பெயரில் கடன் அப்படியே இருக்கிறது!

பதில்: மெர்ஸ் மோசடி இல்லை. பேங்க்குகள் கடனைக் கைமாற்றிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டிக்குப் போகாமல் இருக்க 1990-களில் சேர்ந்து அமைத்துக்கொண்ட பதிவேடு அது. உங்களுக்கு வரவேண்டியது 'ரீகன்வேயன்ஸ்', அதாவது கடன் தீர்ந்து அடமானம் நீங்கியது என்கிற ஆவணம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் டிரஸ்டீக்கு (டீட் ஆஃப் டிரஸ்டில் நடுவராகக் குறிப்பிட்டவர்) தாள்களை அனுப்பவேண்டும், டிரஸ்டீ 21 நாளுக்குள் பதியவேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். ஒரு வருடம் ஆகிறது என்றால் கடைசியாகத் தவணை வாங்கிய கம்பெனிக்குக் கடன் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன், ரீஃபைனான்ஸ் (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்பது) செய்திருந்தீர்களா என்று யோசியுங்கள். நீங்கள் பார்ப்பது பழைய கடனாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் பல கவுன்ட்டிகள் இணையத்தில் அட்டவணையை மட்டுமே காட்டும், ஆவணத்தின் படத்தைக் காட்டாது. ஓக்லாந்தில் இருக்கும் அலமீடா கவுன்ட்டி ஆபீஸுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் சந்தேகம் தீரும்.

கேள்வி: சென்னைக்கே திரும்பிவிட்டோம், டெக்சாஸ் வீட்டை விற்கவேண்டும். கையெழுத்துப் போட விமானம் ஏறவேண்டுமா?

பதில்: வேண்டாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு நோட்டரி கையெழுத்துப் போடலாம், முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். இல்லையென்றால் உள்ளூர் நோட்டரி, பிறகு அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எதை ஏற்பார்கள் என்று டைட்டில் கம்பெனியிடம் மின்னஞ்சலில் முதலில் கேட்டுவிடுங்கள். நண்பருக்குப் பவர் கொடுத்தால் அந்தப் பவர் பத்திரத்தையும் டீடோடு அதே கவுன்ட்டியில் பதிவார்கள்.

கேள்வி: வீட்டை யாரோ போலி டீட் போட்டுத் திருடிவிடுவார்கள் என்று ரேடியோவில் விளம்பரம். மாதம் 20 டாலர் கட்டினால் 'பூட்டு' போடுவார்களாம்.

பதில்: பூட்டெல்லாம் இல்லை. போலி டீட் பதிவான பிறகு உங்களுக்குச் சொல்வார்கள், அவ்வளவுதான். போலிக் கையெழுத்திட்ட டீட் செல்லாது, ஆனால் அதை நீக்கக் கோர்ட் செலவு உண்டு, அதனால் சீக்கிரம் தெரிவது நல்லதுதான். இதே வேலையைப் பல கவுன்ட்டி ஆபீஸ்கள் இலவசமாகச் செய்கின்றன. அவர்கள் தளத்தில் 'ஃபிராட் அலர்ட்' என்று இருக்கும், உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் மின்னஞ்சல் வரும். அது பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். ஆகவே மேலே கேட்ட செந்தில்குமார் என்றால் எஃப்.என்.யு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அப்பா பெயரோடு ஒன்று, 'செந்தில்', 'குமார்' என்று பிரித்து ஒன்று என நான்கையாவது பதிந்து வைக்கவேண்டும்.