நேரம் முடிந்தது, காலம் முடிந்தது

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து போவதற்காக மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறேன். நேரம் பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள் அறுபதை நோட்டில் எழுதி, அறைத்தோழியோடு தினமும் ஒப்பிக்கிறேன். அவள் தொடரைச் சொல்வாள், நான் அர்த்தம் சொல்வேன். எல்லாம் மனப்பாடம். ஆனால் பேசும்போது ஒன்றும் வாயில் வருவதில்லை. வந்த ஒன்றும் தப்பாகிவிட்டது.

போன வாரம் கோச்சிங் வகுப்பில் ரோல் பிளே, அதாவது ஒரு சூழலை நடித்துப் பேசும் பயிற்சி. பார்வையாளர் நேரம் முடிந்தும் நோயாளியின் கணவர் கிளம்பவில்லை, அவரை அனுப்பிவைக்க வேண்டும். “சார், யுவர் டைம் இஸ் அப்” என்றேன். வகுப்பெடுப்பவர், “இதை ஆஸ்பத்திரியில் சொல்லவே சொல்லாதீர்கள்” என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காரணம் சொல்லவில்லை. நோட்டில் ‘நேரம் முடிந்தது’ என்றுதானே இருக்கிறது? இதையெல்லாம் எப்படித்தான் பழகுவது?

கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

உங்கள் நோட்டில் இருப்பது சரிதான். தேர்வுக்கூடத்தில் மேற்பார்வையாளர் ‘யுவர் டைம் இஸ் அப்’ என்றால், எழுதியது போதும், பேப்பரைக் கொடு என்று அர்த்தம். அதையே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் ‘உன் காலம் முடிந்தது’ என்று காதில் விழுந்துவிடும். ‘பார்க்கிற நேரம் முடிஞ்சுதுங்க’ என்று வார்டில் தினமும் சொல்கிறீர்கள். ‘உங்க காலம் முடிஞ்சுதுங்க’ என்று ஒருநாளும் உங்கள் வாயில் வராது. இந்த வித்தியாசத்தை யாரும் உங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. ‘காலமானார்’ என்ற சொல்லை எந்த வீட்டில், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் டைம் என்ற ஒரே சொல் நேரத்துக்கும் காலத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. அதனால் பக்கத்தில் நிற்கிற சொற்களில்தான் கவனம் வேண்டும். அந்தக் கணவரிடம் ‘ஐம் அஃப்ரெய்ட் விசிட்டிங் டைம் இஸ் ஓவர்’ என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தது வருகை நேரம் மட்டும்தான் என்று தெளிவாகிவிடும். ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்பதில் பயம் இல்லை. ‘மன்னிக்கணும், வேற வழியில்லை’ என்று நாம் குரலைத் தணிப்போமே, அதுதான்.

இதேபோல இன்னொன்றையும் தள்ளி வையுங்கள். ‘நான் எப்ப எழுந்து நடப்பேன்?’ என்று கேட்கிறவரிடம் ‘இட்ஸ் ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம்’ (எப்படியும் நடக்கும், கொஞ்ச நாள்தான்) என்று சொன்னால் ஆறுதலாகத்தான் தோன்றும். ஆனால் தவிர்க்க முடியாத கெட்டதைப் பற்றியும் அப்படியே சொல்வார்கள். தீராத நோயில் படுத்திருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள். உங்கள் தேர்வில் ‘இடத்துக்குப் பொருந்திய மொழி’ என்பதற்கே தனியாக மதிப்பெண் உண்டு. ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு ரோல் பிளே. அதில் மரபுத்தொடர்களைத் திணிப்பதற்கு யாரும் கூடுதல் மதிப்பெண் தரப்போவதில்லை.

இப்போது பழகும் விதம். அர்த்தம் கேட்டுச் சொல்லும் ஆட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள். வாழ்க்கையில் யாரும் உங்களிடம் அர்த்தம் கேட்கப்போவதில்லை. தோழி தொடரைச் சொல்லவே கூடாது, அன்றைக்கு நிஜமாக நடந்ததைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கட்டும். “காலையில பஸ் கிடைச்சுதா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். நீங்கள் ஓடிப்போய்ப் படியில் கால் வைத்ததும் பஸ் நகர்ந்திருந்தால், அப்போது சொல்லலாம்: ‘ஜஸ்ட் இன் த நிக் ஆஃப் டைம்’. சாவகாசமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் சொல்லக்கூடாது, ‘இன் டைம்’ போதும். ஓடிய மூச்சிரைப்பு இருந்தால்தான் அந்தத் தொடருக்கு வேலை. மூன்று நாளுக்கு ஒரு தொடர் போதும். அறுபதும் வேண்டாம், பதினைந்து நாக்கில் உட்கார்ந்தால் நிறைய.

ஒவ்வொரு தொடரையும் நம் பேச்சில் எந்த இடத்தில், எந்த முகத்தோடு சொல்வோம் என்று தேடுங்கள். ‘அபௌட் டைம்!’ என்பதற்குப் பல பட்டியல்களில் ‘சரியான நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வருத்தமாக இருக்கும். அது ‘இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?’ என்ற தொனி. தோழியிடம் சொல்லலாம், ரவுண்ட்ஸுக்குத் தாமதமாக வரும் டாக்டரிடம் கூடாது.

‘இட்ஸ் ஹை டைம் வி லெஃப்ட்’ (நாம் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது) என்பதில் பலரும் திணறுவார்கள். இன்னும் கிளம்பவே இல்லை, வினை மட்டும் ஏன் இறந்தகாலத்தில்? நம் வீட்டைப் பாருங்கள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே “இதோ கிளம்பிட்டேன்” என்று போனில் சொல்கிறோம். இலக்கணக் காரணம் வேறுதான். ஆனால் நடக்காததை நடந்ததுபோலச் சொல்வது நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறாது.

‘அட் த இலெவன்த் அவர்’ உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும், கடைசி நேரத்தில் என்று அர்த்தம். ராத்திரி பதினொரு மணி என்று நினைத்துப் படிப்பவர்கள் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாட்களை அமர்த்தும் உவமை வருகிறது, 20ஆம் அதிகாரம். சூரிய உதயத்திலிருந்து பன்னிரண்டு மணி எண்ணும் கணக்கு அது. பதினோராம் மணி என்றால் நம் கடிகாரத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணி வாக்கு, வேலை முடிய ஒரு மணி நேரம்தான் மிச்சம். அந்நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. உங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் போகும் தோழி இருந்தால் அந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கதையோடு வந்த தொடர் மறக்காது.

தேர்வில் வந்தாலும் வராவிட்டாலும், போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தேவைப்படுபவை சில உண்டு. அங்கே பேச்சில் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை, ஐந்தரை அல்ல. ‘மண்டே வீக்’ என்றால் வருகிற திங்கள் அல்ல, அதற்கு அடுத்த திங்கள். ‘ஃபோர்ட்நைட்’ இரண்டு வாரம். வயதான நோயாளி ஒருவர் முழங்கால் வலி ‘டாங்கீஸ் இயர்ஸ்’ ஆக இருக்கிறது என்றால், ரொம்ப வருஷமாக என்று அர்த்தம். எத்தனை வருஷம் என்று திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி தோழியோடு டூட்டி மாற்றிக்கொள்கிற பேச்சை இந்தச் சொற்களில் பேசிப் பாருங்கள். யாருக்கு ஹாஃப் செவன், யாருக்கு மண்டே வீக் லீவு என்று பேசி முடித்ததும், இருவரும் தனித்தனியாகத் தேதியையும் மணியையும் தாளில் எழுதி ஒத்துப்பாருங்கள்.