ஜீரோ ஏன் தோற்றது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் போர் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரே ஒரு குறை. எப்போதும் வீரர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். போரை முடிவு செய்தது இயந்திரம் இல்லையா? 1942 தொடக்கத்தில் ஜப்பானின் ஜீரோ போர் விமானத்துக்கு எதிரே நிற்க ஆளில்லை. அப்புறம் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவில் விழுந்து கிடந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் எடுத்துச் சோதித்து, அதை வெல்வதற்கென்றே ஹெல்கேட் விமானத்தை உருவாக்கினார்கள். ஒரு ஹெல்கேட் விழுந்தால் பதிலுக்கு 19 எதிரி விமானங்கள் விழுந்தன என்று படித்தேன். நல்ல விமானம் போய் அதைவிட நல்ல விமானம் வந்தது, அவ்வளவுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அலூஷியன் விஷயத்தை முதலில் சரிசெய்துவிடுவோம். பலரும் நம்புகிற கதை அது. 1942 ஜூன் 4 அன்று அங்கிருந்த அமெரிக்கத் தளமான டச்சு ஹார்பரைத் தாக்கிவிட்டுத் திரும்பிய ஜப்பானிய விமானி ததயோஷி கோகா, அகுடான் தீவில் இறங்க முயன்றார். சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அவர் அங்கேயே இறந்தார். அமெரிக்கர்கள் கண்ணில் அது பட்டது ஜூலையில்தான். ஹெல்கேட்டின் முதல் மாதிரியோ ஜூன் 26 அன்றே பறந்துவிட்டது.

கோகாவின் ஜீரோ பயன்படாமல் போகவில்லை. சான் டியாகோவில் பழுது பார்த்து ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடக்கூட அதைப் பக்கவாட்டில் உருட்டுவது சிரமமாகிறது, மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் திணறுகிறது என்று தெரிந்தது. ஜீரோ பின்னால் வந்தால் மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்து, வேகம் ஏறியதும் வலப்பக்கம் திரும்பு என்று விமானிகளுக்குச் சொல்ல முடிந்தது.

யாருக்குச் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். வைல்ட்கேட் என்ற பழைய அமெரிக்கப் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு. ஹெல்கேட் சண்டைக்கு வந்ததே 1943 ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முந்தைய ஒன்றேகால் வருடம், பசிபிக் தீவுகளான மிட்வேயிலும் குவாடல்கனாலிலும் நடந்த சண்டைகளில், ஜீரோவை எதிர்கொண்டது வைல்ட்கேட். மேலேறுவதில் மெதுவு, திரும்புவதிலும் மெதுவு. ஜான் தாச் என்ற அதிகாரி, இரண்டிரண்டு பேராகப் பறந்து ஒருவரையொருவர் நோக்கி வளைந்து, தோழனின் வாலைத் துரத்துகிறவனைச் சுடும் முறையை வகுத்திருந்தார். அதை வைத்துத்தான் தாக்குப்பிடித்தார்கள். மிட்வேக்குப் பிறகு தாச்சையே போர்முனையிலிருந்து எடுத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி தர அனுப்பினார்கள். நன்றாகச் சண்டை போடுகிறவனைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். ஜீரோவை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷியிடம் கடற்படை கேட்டது நீண்ட தூரம், வேகம், கூர்மையான திருப்பம், 20 மி.மீ. பீரங்கிகள், எல்லாம் ஒன்றாக. கையில் இருந்ததோ 1,000 குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சின். எடையைக் குறைப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. வெறும் விமானம் சுமார் 1,700 கிலோதான் இருந்தது. ஹெல்கேட் 4,000 கிலோவைத் தாண்டும். ஜீரோவில் விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. எரிபொருள் தொட்டியைச் சுற்றி ரப்பர் உறையும் கிடையாது. அந்த உறை பெட்ரோல் பட்டதும் உப்பி, குண்டு துளைத்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அது இல்லாததால் சில குண்டுகள் பட்டாலே ஜீரோ தீப்பிடித்தது. ஹோரிகோஷியை நான் குறை சொல்லமாட்டேன், அந்த எஞ்சினை வைத்து அவர் செய்தது பெரிய சாதனை. கேட்டவர்களைத்தான் குறை சொல்வேன். அந்தப் பட்டியலில் உள்ளே உட்காருகிறவனின் உயிர் இல்லை.

அந்த விமானி எப்படிப்பட்டவன் தெரியுமா? போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை மிகக் கடுமையாகச் சலித்து, மிகக் குறைவானவர்களையே விமானிகளாக்கியது. 1942-ல் உலகின் தலைசிறந்த விமானிகள் வரிசையில் அவர்கள் இருந்தார்கள். ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் வானில் அப்படிப்பட்ட ஒரு விமானியான சபுரோ சகாய்க்குத் தலையில் குண்டு பட்டது. வலக்கண் போயிற்று. கிட்டத்தட்ட ஐந்து மணிநேரம், சுமார் 1,000 கிலோமீட்டர் ஓட்டித் தன் தளமான ரபாலுக்குத் திரும்பினார். இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள், வீரம்தான். ஆனால் காயம்பட்டவன் இறங்குவதற்கு அவ்வளவு தூரத்துக்கு முன்னால் தகுந்த தளம் இல்லை. அவர் தப்பினார், மற்றவர்கள் வழியில் கடலில் விழுந்தார்கள். அதே சகாயை 1944-ல் ஒற்றைக் கண்ணோடு மறுபடி சண்டைக்கு அனுப்பினார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

எதிர்த்தரப்பில், கடலில் விழும் விமானிகளை எடுப்பதற்கென்றே நீர்மூழ்கிகள் காத்து நின்றன. போர் முடிவதற்குள் 504 பேரை அவை மீட்டன. 1944 செப்டம்பர் 2 அன்று ஜப்பானியத் தீவான சிச்சிஜிமா அருகே ஃபின்பேக் நீர்மூழ்கி தூக்கியெடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் புஷ், பின்னாளில் அதிபரான முதல் புஷ்.

இன்னொன்று, பெரும்பாலும் யாரும் பேசாதது. மிட்வேயில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. விமானிகள் மொத்தமாக அங்கே அழிந்தார்கள் என்பார்கள். பறப்பவர்களில் இறந்தது சுமார் 110 பேர். விமானத்தைப் பராமரித்த மெக்கானிக்குகளில் இறந்தது 700-க்கும் மேல். கப்பலுக்குள் தீயில் சிக்கியவர்கள். அந்த எஞ்சின்களின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்த கைகள் ஒரே நாளில் போயின. அவர்கள் பெயர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது.

இப்போது உங்கள் 19-க்கு வருவோம். அது அமெரிக்கத் தரப்பு தன் விமானிகள் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு, சண்டையின் நடுவே எண்ணியது கூடுதலாகத்தான் இருக்கும். அதைவிட, எதிரே யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1944 ஜூன் 19 அன்று மரியானா தீவுகள் அருகே ஏறத்தாழ 300 ஜப்பானிய விமானங்கள் வீழ்ந்தன, அமெரிக்கர் இழந்தது 30 போல. எரிபொருள் பற்றாக்குறையால் பயிற்சியைச் சுருக்கி அனுப்பப்பட்ட இளைஞர்கள் அந்த 300-ல் பெரும்பாலானோர். மறுநாள் இரவு, தூரம் போய்த் தாக்கிவிட்டு எரிபொருள் தீர்ந்து வந்த தன் விமானிகளுக்காக அமெரிக்கத் தளபதி மிட்சர் கப்பல் விளக்குகளை ஏற்றச் சொன்னார். நீர்மூழ்கிகள் சுற்றித் திரியும் கடலில் அது எத்தனை ஆபத்து! 80 விமானங்கள் போல நஷ்டமாயின, ஆட்களில் பெரும்பாலானோரைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து பிலிப்பைன்ஸின் லேடேயில், மறுதரப்பு அதே ஜீரோவில் குண்டைக் கட்டி, திரும்பி வராதே என்று சொல்லி ஆளை ஏற்றியது.

ஹெல்கேட் சிறந்த விமானம், 2,000 குதிரைத்திறன், ஆறு கனரக இயந்திரத் துப்பாக்கிகள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1944-ல் இரு தரப்பும் விமானங்களை மாற்றிக்கொண்டிருந்தாலும் ஜப்பானால் அந்த ஜூனில் ஜெயித்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஹெல்கேட்டை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களிடம் மிஞ்சியிருக்கவில்லை.