வில்லனையே நாயகனாக வைத்து எழுதினால் பார்ப்பவர்களுக்கு அவனைப் பிடிக்கவைப்பது எப்படி?

"சிறுவயதுச் சோகத்தை வைத்தும் என் வில்லனை யாருக்கும் பிடிக்கவில்லை, மெகாமைண்டை மட்டும் எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் திரைக்கதையில் அந்தச் சோகம் பத்துப் பக்கம் ஓடுகிறது என்று நினைக்கிறேன். 2010-இல் டாம் மெக்ராத் இயக்கிய 'மெகாமைண்ட்' என்ற அனிமேஷன் படத்தில் அது சில நிமிடம்தான். படத்தின் பெயர்தான் நாயகனான வில்லனின் பெயரும். பிறந்த எட்டாம் நாள் கருந்துளை கிரகத்தை விழுங்குகிறது. பெற்றோர் விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதேபோல் வந்த இன்னொரு குழந்தை, பின்னால் நகரத்தைக் காக்கும் நாயகன் மெட்ரோ மேனாக வளரப்போகிறவன், மாளிகையில் இறங்க, இவன் சிறைச்சாலைக்குள் விழுகிறான். இதைச் சொல்வதும் அவன் குரல்தான், ஆனால் புலம்பல் கிடையாது. தன்மேல் இரக்கப்படச் சொல்லி அவன் கேட்கவேயில்லை, அதனால் நமக்கு இரக்கம் வருகிறது.

அடுத்தது தீங்கின் அளவு. அவனுடைய துப்பாக்கி சுட்டால் ஆள் நீல நிறக் கட்டியாகிவிடுவார், தண்ணீர் பட்டால் பழையபடி எழுந்துவிடுவார். டிவி செய்தியாளர் ராக்ஸேனை அவன் எத்தனையோ முறை கடத்தியிருக்கிறான், அவளுக்குப் பயமே விட்டுப்போய்விட்டது. மீள முடியாத தீங்கு ஒன்றைக்கூட உங்கள் ஆள் கையால் செய்யவைக்காதீர்கள். "மெட்ரோ மேனைக் கொன்றானே" என்று கேட்பீர்கள். சுட்டதும் முதலில் நம்ப முடியாமல் நிற்பது அவன்தான். செத்ததாகக் காட்டியது மெட்ரோ மேனின் நாடகம் என்று பிறகு தெரிகிறது. மெட்ரோ மேன் மறைந்துபோனான் என்ற அளவில் அந்தக் கணக்கு முடிகிறது.

பலர் கோட்டைவிடுவது வெற்றியை எங்கே வைப்பது என்பதில். வில்லன் கடைசியில் ஜெயிக்கலாமா தோற்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இங்கே முதல் அரை மணிக்குள்ளேயே ஜெயித்துவிடுகிறான். நகரம் கையில் வந்தபின் சண்டை போட ஆளில்லை. சோர்ந்துபோய், மெட்ரோ மேனின் மரபணுவிலிருந்து புதிய நாயகனை உருவாக்கக் கிளம்புகிறான். அந்தச் சக்தி தவறுதலாக ஹால் என்ற கேமராமேனுக்குள் போய்விடுகிறது. ஹால்தான் இந்தக் கதையின் அச்சாணி. சக்தி வந்ததும் ராக்ஸேன் தனக்குத்தான் என்று எண்ணுகிறான், அவள் மறுத்ததும் நகரத்தை நொறுக்குகிறான். நல்லவன் வேஷத்தில் ஒரு கெட்டவன் பக்கத்தில் நிற்கும்போது, கெட்டவன் வேஷம் போட்ட இவன் தானாக நல்லவனாகத் தெரிகிறான். உங்கள் கதையில் ஹால் யார்? அவன் இல்லையென்றால் முதலில் அவனை எழுதுங்கள்.

கருவிகளை முன்கூட்டியே விதைப்பதும் முக்கியம். உருவம் மாற்றும் கைக்கடிகாரம் முதலில் சிறையிலிருந்து தப்பிக்க வருகிறது. பிறகு அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் பெர்னார்ட் என்பவரின் வேடத்தில் ராக்ஸேனிடம் பழக. உணவகத்தில் அது அணைந்து உண்மை முகம் தெரிய, காதல் உடைகிறது. கடைசியில் மெட்ரோ மேன் உருவெடுத்து ஹாலை விரட்டவும் அதுவே. நகரத்தின் பெயரை அவன் தப்பாக உச்சரிப்பது தொடக்கத்திலிருந்து வெறும் சிரிப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது, அந்த உச்சரிப்பே வேடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. படம் தொடங்கும்போது வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தானே, அந்த விழுதலுக்கும் விடை கட்டியாக்கும் துப்பாக்கிதான். தன்னையே சுட்டுக் கட்டியாகி நீரூற்றில் விழுந்து எழுகிறான். ஒரு கருவி சிரிப்புக்கு ஒருமுறை, வலிக்கு ஒருமுறை, தப்பிப்பதற்கு ஒருமுறை என்று வரட்டும். கடைசி இருபது நிமிடத்தில் புதுக் கருவி எதையும் நுழைக்காதீர்கள்.

வில்லனே நாயகனாக வரும் இன்னொரு அனிமேஷன் படத்தைச் சொல்லி, "டெஸ்பிகபிள் மீ-யைப் பார்த்து அடித்த காப்பி" என்று யாராவது கருத்திடுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அது 2010 ஜூலையில் வந்தது, இது அதே ஆண்டு நவம்பரில். நான்கு மாதத்தில் இப்படி ஒரு அனிமேஷன் படத்தை முடிக்கவே முடியாது, கதை, வடிவமைப்பு, அசைவு, ஒளியமைப்பு என்று வருடக்கணக்கில் ஆகும் வேலை. இந்தக் குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது உண்மையில் கோபம் வருகிறது. 2024-இல் நேராக ஓடிடியில் விட்ட தொடர்ச்சியைப் பார்த்துவிட்டு முதல் படத்தை எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் படத்தில் மெகாமைண்டுக்குக் குரல் கொடுத்த வில் ஃபெரலின் குரலே அதில் கிடையாது. உங்கள் கதைக்குப் பாடம் வேண்டுமென்றால் 2010 படத்தைக் குரலை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். புருவமும் மேலங்கியைச் சுழற்றும் விதமும் மட்டுமே அவனைப் பிடிக்கவைக்கின்றனவா என்று குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் ஆளுக்கு வசனம் எழுதுங்கள்.