செருப்பு கழண்டது தெரியலையா? அதைத்தான் முதல்ல பாக்கணும்

கேள்வி: அம்மாவுக்கு 69 வயசு, 15 வருஷமா சுகர், பிரஷருக்கும் மாத்திரை போடறாங்க. ஆறு மாசத்துல ரெண்டு தடவை விழுந்துட்டாங்க, ரெண்டும் காலைல முகம் கழுவும்போது. சாயங்காலம் ரெண்டு கணுக்காலும் வீங்குது, நகம் தடிச்சு மஞ்சளாயிடுச்சு. கால் ஆணிக்கு பிளாஸ்டர் ஒட்டறோம். சில நேரம் செருப்பு கழண்டது தெரியாமலே நடந்து வந்துடறாங்க. நெட்ல பார்க்கின்சன், கிட்னி ஃபெயிலியர்னு என்னென்னமோ போட்டிருக்கு. நரம்பு மாத்திரை ஆன்லைன்ல வாங்கி குடுக்கறேன். பயமா இருக்கு டாக்டர்.

பதில்: இன்னொரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு அம்மா படுக்கையாயிடுவாங்களோன்னுதான் உங்க பயம், அது நியாயமான பயம்தான்மா. ஆனா போற போக்குல எழுதிட்டீங்களே, செருப்பு கழண்டது தெரியலைன்னு, நான் முதல்ல பாக்கறது அதைத்தான்.

ரொம்ப வருஷம் சுகர் இருந்தா பாதத்து நரம்பு செத்துக்கிட்டே வரலாம், பல பேருக்கு வலி கூட இருக்காது, அதான் யாரும் கண்டுக்கறதில்ல. நாம விழாம நிக்கறதுக்கு கண்ணு, உள்காது, பாதம் மூணும் சேர்ந்து வேலை செய்யணும். அம்மாவுக்கு பாதம் தகவல் சொல்றதை குறைச்சிடுச்சு, கண்ணை வெச்சுதான் சமாளிக்கறாங்க. முகத்துக்கு சோப்பு போட்டு கண்ணை மூடினதும் அதுவும் போச்சு, கீழ ஈரத்தரை வேற, அப்புறம் எப்படி நிக்க முடியும்?

இன்னிக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. அம்மாவை படுக்க வெச்சு கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்க விரலால லேசா ஒரு நொடி தொடுங்க, அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறுல ரெண்டு தெரியலைன்னாலே உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். எல்லாம் தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட காட்டாம விடாதீங்க. அவங்க 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழையால பாதத்தை லேசா அழுத்திப் பாப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்னதும் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, மேல் அளவு 20 இறங்கினா அதுவும் விழ வைக்கும்.

அந்த நரம்பு மாத்திரையை தயவுசெஞ்சு நிறுத்துங்க. அந்த மாதிரி மாத்திரைல பெரும்பாலும் பி12, பி6 வைட்டமின்தான் இருக்கும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை ரொம்ப வருஷம் போடறவங்களுக்கு பி12 குறையலாம், டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே நரம்பு மாத்திரை குடுத்தா ரிசல்ட்ல அந்தக் குறை மறைஞ்சிடும். பி6 அளவு மீறினா அதுவே நரம்பை கெடுக்கும்! ஆணி பிளாஸ்டரையும் இன்னிக்கே பிச்சு எடுங்க, அதுல இருக்கறது சாலிசிலிக் ஆசிட், மரத்துப்போன கால்ல புண்ணாகிறது கூட தெரியாது. வெந்நீர்ல கால் வைக்கறது, மத்தியானம் கோயில் பிரகாரத்துல வெறுங்காலோட சுத்தறது, ரெண்டும் வேண்டாம்.

நகம் மஞ்சளாகிறது பெரும்பாலும் பங்கஸ், அவசரமில்ல, பிளேடு மட்டும் வைக்காதீங்க. ரெண்டு காலும் சாயங்காலம் வீங்கி காலைல வடியுதுன்னா அம்லோடிபின் மாதிரி பிரஷர் மாத்திரையா இருக்கலாம், நீங்களா நிறுத்தாதீங்க. கிட்னிக்கு வருஷா வருஷம் யூரின்ல ஆல்புமின், ரத்தத்துல கிரியேட்டினின் ரெண்டு டெஸ்டும் எடுத்தா தெரிஞ்சிடும். ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா மட்டும் அன்னிக்கே போகணும், வலி இல்லைன்னாலும்.

ரப்பர் செருப்பை தூக்கி போட்டுட்டு, பின்னாடி வார் வெச்ச எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்களுக்குன்னே வர்ற மெத்துன்னு அடி வெச்சது) ரெண்டு ஜோடி வாங்குங்க, ஒண்ணு வீட்டுக்குள்ள போட. கால் வீங்கியிருக்கற சாயங்கால நேரத்துல அளவு பாருங்க. கால்ல புண்ணு இல்லைன்னு டாக்டர் சொன்னதும், தினம் சமையல் மேடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு குதிகாலை பத்து தடவை, முன்பாதத்தை பத்து தடவை தூக்கச் சொல்லுங்க, பக்கத்துல நீங்க நிக்கணும். ஆஸ்திரேலியால கால் வலி இருந்த 305 முதியவங்களை வெச்சு ஒரு ஆய்வு, 2011ல வந்தது, சரியான செருப்பு, அதுக்குள்ள வைக்கற இன்சோல், கணுக்கால் பயிற்சின்னு சேர்த்து குடுத்தவங்க 36 சதவீதம் குறைவா விழுந்திருக்காங்க. கால் விஷயத்தை சாதாரணமா நினைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

நாளைக்கு காலைலருந்து அம்மா ஸ்டூல்ல உக்காந்துதான் முகம் கழுவணும். இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துட்டு போங்க.