மலை வீட்டில் ஒரு ராத்திரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஜவ்வாது மலையில் ஒரு மலையாளி குடும்பத்தோடு (கேரளாக்காரர்கள் இல்லை, மலையில் வாழும் பழங்குடிகள்) தங்கியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். டிசம்பர் லீவில் நாங்களும் நண்பர்கள் நான்கு பேர் அப்படி ஒரு வீட்டில் தங்க ஆசைப்படுகிறோம். ரிசார்ட் வேண்டாம். என்னோடு வேலை பார்ப்பவருக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் தங்கை, "அவங்க என்ன வேடிக்கைப் பொருளா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போகலாமா? பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? என்ன எடுத்துக்கொண்டு போவது?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் தங்கை கேட்டதைக் காதில் வைத்துக்கொண்டே போங்கள். நம் தெருக்களுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் வலை பின்னுகிற பெரியவரையும் வியாசர்பாடியில் கேரம் ஆடுகிற பையன்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுப்பார்கள். "ஒரிஜினல் வடசென்னை" என்று போட்டுக்கொள்வார்கள். அப்போது நமக்கு எப்படி இருக்கும்? மலையில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டார் உங்களை வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா?

டவுனிலிருந்து வந்து நிற்கிறவர் முகத்துக்கு நேராக "இன்னைக்கு முடியாதுங்க" என்று சொல்வது மலைவாசிகளுக்குச் சுலபமில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளிகள்தான். தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்கிறவர்கள். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி அவர்களுடைய ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தண்டனைத் தீர்ப்பு வந்தது 2011-இல். அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-இல். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். பேண்ட் சட்டையோடு பை மாட்டிக்கொண்டு வந்து விசாரிக்கிற ஆள் ஃபாரஸ்ட்டா, போலீஸா, மரம் வெட்டக் கூப்பிடுகிற ஏஜெண்டா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பயந்துகூட "வாங்க" என்று சொல்லிவிடலாம்.

அதனால் நேராகப் போய் வாசலில் நிற்காதீர்கள். உங்கள் நண்பர் மூலமாக முன்கூட்டியே கேளுங்கள். "அறுப்பு இருந்தா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா இன்னொரு தடவை வர்றோம்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மறுப்பதற்கு அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பதில் இழுபறியாக வந்தால் அதுதான் பதில். நான்கு பேர் ஒரே வீட்டுக்கு அதிகம், இரண்டு இரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள்.

ஏன் அதிகம் என்றால், நான் தங்கிய வீட்டில் அன்றாடம் ரேஷன் அரிசிதான். விருந்தாளிக்கென்று அந்த அம்மா பரணிலிருந்து சாமையை இறக்கினார். நாம் கடையில் பாக்கெட்டில் வாங்குகிற மாதிரி அது அரிசியாக இருக்காது. உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். வாசல் உரலில் கொட்டி அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். முறத்தில் புடைத்து, உமி நீங்காததைப் பிரித்து, திரும்ப உரலில் போட்டார்கள். இருட்டும் வரைக்கும் இதே வேலை. நடுவில் மகள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டாள், அம்மா ஒற்றை ஆளாகக் குத்தினார். இத்தனைக்கும் பிறகு தட்டில் வந்தது இரண்டு கரண்டி சோறு, மொச்சைக் குழம்பு. அந்தச் சோற்றை டேஸ்ட் பார்த்துவிட்டு பையிலிருந்து பிஸ்கட்டை எடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! வயிறாரச் சாப்பிடுங்கள். ஆனால் மறுசோறு வாங்கும்போது பானையைக் கவனியுங்கள், வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள்.

போர்வை கட்டாயம் உங்களுடையதாக இருக்கட்டும். டிசம்பர் குளிரில் அவர்கள் உங்களுக்கு ஒரு கம்பளி கொடுத்தால், வீட்டில் யாரோ ஒருவர் கம்பளி இல்லாமல் அடுப்போரம் சுருண்டு படுக்கிறார் என்று அர்த்தம்.

பணம் தாராளமாகக் கொடுங்கள். ஏழை வீட்டில் இலவசமாகத் தங்குவதுதான் பாசம் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் கொடுத்திருக்கக்கூடியதைக் காலையில் வீட்டு அம்மாவிடம், எல்லோரும் பார்க்கக் கொடுங்கள். பிள்ளைகள் கையில் திணிக்காதீர்கள். வாங்க மாட்டேன் என்றால் சாமையோ தேனோ புளியோ இருக்கிறதா என்று கேட்டு, சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோவதற்கு நம் ஊரில் நல்ல சாமான் இருக்கிறது: காசிமேட்டு நெத்திலிக் கருவாடு. வீட்டில் விரதம் இல்லையே என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு பாட்டில் கூடவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

வழி சுலபம்தான். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் உண்டு. அதற்கு மேல் உள்ளூர்களுக்கு வண்டி குறைவு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ராத்திரி செல்போன் டார்ச்சை அணைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். காவலூர் வானாய்வகத்தை இந்த மலையில் கொண்டுவந்து வைத்ததே இங்கே இருக்கிற இருட்டுக்காகத்தான். எண்ணூர் வெளிச்சத்துக்குப் பழகிய நம் கண்ணுக்கு அத்தனை நட்சத்திரம் நம்ப முடியாததாக இருக்கும்.

படம் வேண்டுமென்றால் கிளம்புகிற காலையில், அவர்களே நிற்கிற மாதிரி ஒன்று எடுங்கள். பிரிண்ட் போட்டு அனுப்பிவையுங்கள்.

அப்புறம், உங்கள் முகவரியையும் நம்பரையும் பிள்ளைகளின் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, பிள்ளைகளின் காலேஜ் விஷயமாகவோ அவர்கள் மெட்ராஸ் வர வேண்டியிருக்கும். தங்க இடம் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஸ்டான்லி எவ்வளவு தூரம்? உங்கள் வீட்டில் படுக்கலாம் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அம்மாவையும் தங்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்