வாசிக்காத புத்தகங்கள் வீட்டை நிறைக்கும்போது

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சியில் நாற்பது புத்தகங்களாவது வாங்கிவிடுகிறேன். வருடத்தில் படித்து முடிப்பது பத்துப் பன்னிரண்டுதான். அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் அடுக்கியாகிவிட்டது. இனி வாங்கவே கூடாது என்கிறார்கள் வீட்டில். எட்டு வயது மகளுக்கும் புத்தகங்கள் வேண்டும். என்ன செய்யலாம்? – தாம்பரம் வாசகர்

பதில்: வாங்குவதை அடியோடு நிறுத்த வேண்டாம். தமிழில் படிக்கிறவர் புத்தகத்தைக் கண்டபோதே வாங்கி வைப்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே பல நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. தீர்ந்துபோனால் மறுபதிப்பு எப்போது என்று பதிப்பாளருக்கே தெரியாது. ஒரு சிறு பதிப்பகத்தின் மொழிபெயர்ப்பு நாவல், ஒரு ஊரின் வரலாறு, நாட்டார் பாடல் தொகுப்பு போன்றவை ஐந்து வருடம் பிரிக்கப்படாமல் கிடந்தாலும் பரவாயில்லை, இருக்கட்டும்.

ஆனால் உங்களிடம் இருப்பவை எல்லாமே அப்படி இருக்காது. பாரதி, கல்கி போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. பல பதிப்பகங்கள் தொடர்ந்து அச்சிடுகின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாக இணையத்தில் தரும் நூல்களிலும் இவை நிறைய உண்டு. இவற்றைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை, படிக்கத் தோன்றும் அன்று தேடினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் இறக்கி, ஒவ்வொன்றையும் எடுத்து, "இதைக் கொடுத்துவிட்டால் மறுபடி கிடைக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். "இதை நான் படிப்பேனா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் புத்தகத்துக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

அப்புறம் ஒரு கணக்கு. தினமும் 20 பக்கம் படித்தால் வருடத்துக்கு 7,300 பக்கம். முந்நூறு பக்கப் புத்தகங்கள் என்றால் 24 முடியும். இதுவே இப்போது நீங்கள் படிப்பதைப் போல இரண்டு மடங்கு. அப்படியும் நாற்பது வாங்கினால் வருடத்துக்குப் பதினாறு மிஞ்சும். எனவே வேகமாகப் படிக்கப் பழகுவதால் மட்டும் இது தீராது, வாங்கும் எண்ணிக்கையும் குறைய வேண்டும். படிப்பதற்கு எடுத்த மூன்றை மட்டும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். முப்பது நாற்பது பக்கம் தாண்டியும் ஒரு புத்தகம் உள்ளே இழுக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதை முடித்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதில்தான் பலருக்கு வாசிப்பே நின்றுபோகிறது.

கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றை முதலில் வெளியே எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சென்னை ஈரப்பதத்தில் காற்றோட்டமில்லாத இடம் புத்தகத்துக்கு எமன். புத்தகத்தைக் கட்டப் பயன்படும் பசையில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி இராமபாணப் பூச்சி வரும், தரையோடு கரையான் ஏறும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ வீட்டு நூலகங்கள் கூழாகிப் போயின. கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரே தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்குவதும் வேண்டாம். பின்வரிசையை மறந்துபோய் அதே புத்தகத்தை மறுபடி வாங்குவீர்கள்.

விலக்கியவற்றை எடைக்குப் போடாதீர்கள். இந்தியாவில் நூலக அறிவியலுக்கு அடித்தளமிட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அருகிலுள்ள கிளை நூலகத்தில் நூலகரிடம் முதலில் பேசுங்கள், அவருக்கு எது தேவை என்று அவர் சொல்வார். 2023 புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற அரங்கு அமைத்துச் சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களைப் பெற்றுக்கொண்டது. அங்கே ஒரு நல்ல நாவலுக்கு இருக்கும் மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஜனவரிக்கு முன் உங்களிடம் இருப்பவற்றின் முதுகுகளைத் தட்டு தட்டாகப் படமெடுத்து ஃபோனில் வையுங்கள். முதல் நாள் பார்த்துக் குறித்துக்கொண்டு, இன்னொரு நாள் போய் வாங்குங்கள். தள்ளுபடி போய்விடுமே என்ற பதற்றம் வேண்டாம்: 300 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் என்பது முப்பது ரூபாய்தான். பதினைந்து புத்தகங்கள் என்று வைத்துக்கொண்டு, அதில் பாதியையாவது எளிதில் கிடைக்காதவற்றுக்கு ஒதுக்குங்கள்.

மகளின் புத்தகங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழந்தை ஒரே கதையைப் பத்து முறை படிக்கும், இன்னொன்றைத் தொடவே தொடாது. அவள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று அவளே சொல்லட்டும்.